கால் முளைத்த இட்லி

எழிலனின் பிரஸ் பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு வாசகம் இருக்கும்: ‘முதலில் குழி, பிறகு ஓட்டை.’ எழுதியவன் எழிலன்தான். தட்டையான தகட்டில் ஓட்டையைப் போட்டுவிட்டு அப்புறம் குழி அழுத்தினால், தகடு இழுபட்டு ஓட்டையும் அகலமாகிவிடும். அதை மறந்து யாராவது தகட்டில் கை வைத்தால், மஞ்சக்குப்பம் வரை கேட்கும்படி கத்துவான்.

அதே எழிலன் அந்தச் சனிக்கிழமை சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். காரணம், காயத்ரி.

சிதம்பரத்தில் விசேஷங்களுக்குச் சமையல் காண்டிராக்ட் எடுக்கும் தில்லைநாதனின் ஒரே மகள் அவள். முந்தின நாள் பெண் கேட்டுப் போனபோது, தில்லைநாதன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினார்.

“தகரம் தட்டுற பையனுக்கு எம் பொண்ண குடுக்கறதா?”

“தட்டறதில்ல மாமா. பிரஸ்ல அடிக்கறோம்.”

“யாருக்கு யாரு மாமா? ஞாயித்துக்கெழம ஒரு காதுகுத்துக்குச் சமையல். புதுசா இட்லித் தட்டு அடிச்சி எடுத்துட்டு வா. இட்லி ஒழுங்கா வந்தா மேக்கொண்டு பேசலாம். வரலன்னா நீ யாரோ, நா யாரோ.”

பட்டறையிலோ, பாத்திரம் கழுவும் தொட்டிக்குச் சல்லடை ஜாலி அடித்து முடித்த பிரஸ்ஸில் ஓட்டை போடும் அச்சு, அதாவது டை, மாட்டியபடி இருந்தது. முறைப்படி செய்வதென்றால் அதைக் கழற்றி, குழி அழுத்தும் டையை மாட்டி, பிறகு அதையும் கழற்றி, மறுபடி ஓட்டை டையை மாட்ட வேண்டும். பொழுது போய்விடும்.

“மலரு, மாட்டுனது மாட்டுனபடி இருக்கட்டும். மொதல்ல ஓட்டைய போட்ருவோம்” என்றான்.

பிரஸ் ஓட்டும் மலர்க்கொடி சுவரைப் பார்த்தாள். “அண்ணே, அங்க என்னமோ எழுதியிருக்கே. படிச்சிக் காட்டவா?”

“சின்ன ஓட்டதான? எவ்ளோ அகலமாவப் போவுது?”

“நாங்க செஞ்சா தப்பு, நீங்க செஞ்சா லவ்வாண்ணே?”

டமார் டமார் என்று ஓட்டை விழுந்தது. அப்புறம் குழி விழுந்தது. கடுகு நுழைகிற ஓட்டையெல்லாம் கொண்டைக்கடலை நுழைகிற ஓட்டையாகியிருந்தன. எழிலன் ஒன்றில் விரல் நுனியை விட்டுப் பார்த்தான். ‘மேலே துணி போட்டுத்தானே மாவு ஊற்றுவார்கள்’ என்று தேற்றிக்கொண்டான். அவன் வீட்டில் அப்படித்தான்.

ஞாயிறு காலை மண்டபச் சமையற்கட்டில், காயத்ரி எடுத்துக் கொடுக்க, தில்லைநாதன் தட்டுகளில் எண்ணெயைத் தடவினார்.

“துணி போடலியா மாமா?”

“யாருக்கு யாரு மாமா? எம் பந்தியில துணி இட்லியே கெடையாது.”

மாவு நல்ல கெட்டி. அதனால் கொட்டவில்லை, நிதானமாக இறங்கியது. வெந்து மூடியைத் திறந்தபோது மேலே பார்க்க அத்தனையும் பூ மாதிரி இருந்தன. தில்லைநாதனின் முகம்கூடக் கொஞ்சம் மலர்ந்தது. கரண்டியை விட்டு நெம்பினார். இட்லி அசையவில்லை. தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். ஒவ்வோர் இட்லியும் ஓட்டை வழியாகக் கால்களை இறக்கி, நுனியில் குண்டாக உப்பியிருந்தது.

“என்னய்யா இது? இட்லி கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு!”

“ரிவெட் ஆணி அடிச்சா மாதிரி புடிச்சிக்கிச்சி மாமா” என்றான் எழிலன், தன்னையறியாமல் ஒரு தொழில் பெருமையோடு.

வெளியே காது குத்திய குழந்தை அழுது ஓய்ந்து, பந்தி உட்கார்ந்துவிட்டது. குழந்தையின் அத்தை ராசம்மாளின் குரல் வந்தது. “தில்லண்ணே! எலைய போட்டு எவ்ளோ நேரம்? எலையத்தான் திங்கணுமா?”

தில்லைநாதன் தட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். எழிலன் சுற்றுமுற்றும் பார்த்தான். பூக்கட்ட வைத்திருந்த நூல்கண்டு கண்ணில் பட்டது.

“காயத்ரி, இந்த முனைய புடி. தட்டோட அடிய ஒரசினாப்ல இழு!”

ஆளுக்கொரு முனையாக இழுத்தார்கள். கால்கள் அறுபட்டுப் பொலபொலவென்று அண்டாவில் உதிர்ந்தன. இட்லிகள் சமர்த்தாக எழுந்து வந்தன.

“ஓட்ட போட்டா எங்க பட்டறையிலயும் இப்பிடித்தான் பொட்டு பொட்டா உழும்” என்றான்.

“அத அங்க குப்பையில போடுவீங்க” என்ற காயத்ரி, உதிர்ந்த கால்கள்மேல் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டுக் குலுக்கிப் பிள்ளைகளுக்கு அனுப்பினாள். ‘குட்டி இட்லி இன்னும்!’ என்று பந்தியில் கூச்சல் கிளம்பியது.

சண்டைக்கென்றே சமையற்கட்டுக்குள் வந்த ராசம்மாள், நூலின் இரு முனைகளில் நின்ற இருவரையும் பார்த்துக் கோபத்தை மறந்தாள்.

“அட, மாப்ள பாத்துட்டியாண்ணே? சொல்லவே இல்ல! ஜோடி ஜோரா இருக்கே!” பந்தியின் கடைசி இலை வரை கேட்டது. சட்டினி வாளிக்காரர் உட்பட எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

தில்லைநாதன் எட்டிப் பார்த்த முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொன்னால், அந்நிய ஆணோடு பெண் எதற்கு நூல் பிடித்தாள் என்று சிதம்பரமே கேட்கும்.

“ஆமா… மாப்ளதான்.”

பதற்றத்தில் எழிலன், “ரொம்ப தேங்க்ஸ் சார்!” என்றான்.

“யாருக்கு யாரு சாரு? மாமான்னு கூப்புடு.” தில்லைநாதன் ஒரு தட்டை எடுத்து, அதன் ஓட்டை வழியாக மாப்பிள்ளையை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். “ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிப்புட்டேன். கல்யாணத்துக்கு இட்லித் தட்ட நா கடையில வாங்கிக்கறேன்.”