பிரிட்ஜுக்குப் பின்னால் ஒழுகியவை

அந்த இன்டர்நெட் ஒயரை மடக்காதே என்று அக்காவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். பைபர் ஒட்டுவதுதான் என் பிழைப்பு. சொல்ல எனக்கு வாய் இருக்கிறது, கேட்க அவளுக்குக் காது வேண்டாமா? தலைமுடி அளவு கண்ணாடி இழை அது. வெளிச்சம் அதற்குள் சுவரில் சாய்வாக மோதி மோதி, வெளியேற வழியில்லாமல் ஓடும். ரொம்ப மடக்கினால் சுவரைத் தாண்டி ஒழுகிவிடும். இவளோ, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதை பிரிட்ஜுக்குப் பின்னால் மடித்து ஆணியடித்து வைத்திருந்தாள்.

அன்று அவள் மகளுக்கு வீடியோவில் சம்பந்தப் பேச்சு. மாப்பிள்ளை வீடு கடல் தாண்டி. திரையில் மாப்பிள்ளையின் அம்மா, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள். அக்கா பூரித்துப் போனாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன எனக்கு, பிரிட்ஜுக்குப் பின்னால் அதே குரல் கேட்டது: "இப்போதைக்கு."

தூக்கிவாரிப் போட்டது. எட்டிப் பார்த்தால், மடிப்பில் வெளிச்சம் சொட்டிக்கொண்டிருக்கிறது.

ஹாலில், "பொண்ணு தாராளமா வேலைக்குப் போகட்டும்."

பிரிட்ஜுக்குப் பின்னால், "கல்யாணம் வரைக்கும்."

ஹாலில், "பையன் குடிக்க மாட்டான்."

பின்னால், "காலையில."

அக்காவைத் தரதரவென்று இழுத்து வந்தேன். காது கொடுத்துக் கேட்டாள். முகம் கறுத்தது. ஆனாலும் பிரிட்ஜில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"பேச்சு முடியற வரைக்கும் ஒயர்ல கைய வெச்சே, கொன்னுடுவேன்! எந்தக் குடும்பத்துலடா இதெல்லாம் இல்ல? பொண்ணுன்னா கொஞ்சம் வளைஞ்சு கொடுத்துத்தான் போகணும்."

"வளைஞ்சு கொடுத்துத்தானே இந்த லட்சணம்!" என்று கத்தினேன்.

அதற்குள் ஹாலில் மாப்பிள்ளையின் அம்மா, "நீ என்னம்மா சொல்றே?" என்று பெண்ணையே கேட்டாள்.

அக்கா மகள் தொண்டையைச் செருமிக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்: "எனக்குச் சம்மதம் இல்ல."

திரையில் ஒரே கைதட்டல். "சம்மதமாம்! சம்மதமாம்!"

"ஐயோ, இல்லன்னு சொன்னேன்!"

"சொன்னேம்மா, சொன்னே! நல்லாக் கேட்டுச்சு!"

அவள் சொன்ன 'இல்ல' எல்லாம் அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்து விழுந்தன. அக்கா திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு, தானே பிரிட்ஜை இழுத்து, வெறுங்கையால் ஆணியைப் பிடுங்கினாள்.

"நானும் சொன்னேன்டா," என்றாள், ஒயரை நீவிக்கொண்டே. "உன் மாமாவ எனக்குப் பேசின அன்னைக்கு. எல்லாரும் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. நடுவுல ஒயர்கூட இல்ல."

மூக்கை உறிஞ்சிவிட்டு ஹாலைப் பார்த்துக் கத்தினாள்: "கண்ணு, இப்போ சொல்லுடி!"

அவள் சொன்னாள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.