கச்சுக்குள் ஒரு பேரிமரச் சட்டம்

அந்தக் காலத்து ஆங்கிலேயச் சிற்றூரான டிவர்ட்டனில் பெண்கள் உடுத்துவதைப் பற்றிப் பேச ஒரு சொல் போதாது. வேலைக்கு உடுத்தினால் ஒரு சொல், சர்ச்சுக்கு உடுத்தினால் இன்னொன்று, தகுதிக்கு மேல் ரிப்பனும் லேசும் அப்பிக்கொண்டால் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்ல ‘பிடைசன்’ என்று ஒன்று. அந்தக் கடைசிச் சொல் அந்த வருஷம் முழுக்க வில்மோட் ஒருத்திக்கே செலவானது. புருஷன் செத்த துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தியவள், ஊர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தாள். நெட்டையான பெண் வேறு. எங்கே நின்றாலும் அந்த ரிப்பன்தான் முதலில் கண்ணில் படும்.

தச்சன் டிகோரியின் மனைவி தமசினுக்கு அந்தச் சொல்லைச் சொல்லும்போது நாக்கில் கொஞ்சம் கூடுதலாகவே காரம் ஏறும். வில்மோட் வீட்டில் கதவு தொங்கினாலும் டிகோரி, கட்டில் ஆடினாலும் டிகோரி. ஒரு விதவை வீட்டுக் கட்டில் ஏன் இத்தனை தடவை ஆட வேண்டும் என்று தமசின் யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு பெட்ரனெல்தான் கேட்டாள், அதுவும் ரொட்டி சுடும் இடத்தில், நாலு பெண்களுக்கு முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். தமசினும் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து மாவைப் பிசைந்த வேகத்தில் பலகை உடையாமல் தப்பியது பெரிய காரியம்.

வசந்தத்தில் ஒரு நாள், பசைச் சட்டி தேடிப் பட்டறைக்குள் போனவள், சீவல் கூடைக்கு அடியில் துணியில் சுற்றிய ஒன்றைக் கண்டாள். பிரித்தால் பஸ்க். பெண்கள் கச்சின் முன்பக்கம் மார்பு முதல் அடிவயிறு வரை நிமிர்ந்து நிற்பதற்காக உள்ளே செருகிக்கொள்ளும் தட்டைச் சட்டம். இது பேரிக்காய் மரத்தில் இழைத்தது. மேலே ஒரு இதயம், நடுவில் கொடி, கீழ்முனையில் அலகோடு அலகு வைத்த இரண்டு பறவைகள். அந்த ஊரில் பையன்கள் காதலிக்கும் பெண்ணுக்குத்தான் இதைச் செதுக்கிக் கொடுப்பார்கள். அதை அவள் நெஞ்சோடு வைத்துக்கொள்வாள், வெளியே யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி தலையில் நரை எட்டிப் பார்க்கிற எந்தப் புருஷனும் பெண்டாட்டிக்குச் செதுக்கியதாகச் சரித்திரம் இல்லை.

ஆனாலும் மனசு பொல்லாதது. எனக்காகத்தான் இருக்குமோ என்று ஒரு ஓரத்தில் ஆசைப்பட்டது. துணியை இருந்தபடியே சுற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கல்யாண நாள் வந்தது. டிகோரி அன்று ஒரு வாத்து வாங்கி வந்தான், அவ்வளவுதான். கோடைச் சந்தை வந்து போனது, அப்போதும் ஒன்றுமில்லை. தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பட்டறைக்குள் போய்க் கூடையைத் தொட்டுப் பார்த்து வருவாள். தன் வீட்டிலேயே திருடியைப் போல நடக்கவேண்டி வந்ததே என்று அவளுக்கு அழுகையாக வரும்.

அறுவடை முடிந்த பிறகு வில்மோட்டுக்குக் கல்யாணம் என்று செய்தி வந்தது. மாப்பிள்ளை கிரெடிட்டன் ஊர்த் தோல் வியாபாரி. ஊரே வாயைப் பிளந்தது. தமசின் அன்று சாப்பாட்டு மேஜையில் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, நல்லதுதானே, தனியா இருந்து என்ன செய்வா என்றான். கிண்டினானே தவிரக் குடிக்கவில்லை. மறுநாள் கூடைக்கு அடியில் தடவினாள். பஸ்க் இல்லை.

அப்படியானால் போய்ச் சேர்ந்துவிட்டது. தோல்காரன் ஊருக்குப் போகிறவள் இவன் மரத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு போகிறாள். தமசினுக்கு அன்று தூக்கமே வரவில்லை. ஆனால் கண்ணால் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று தீர்மானித்தாள். பார்க்க ஒரே வழிதான் இருந்தது. கல்யாணப் பெண்ணை உடுத்திவிடுவது தெருப் பெண்களின் உரிமை. இதுவரை வில்மோட் வாசலை மிதிக்காதவள், கச்சு கட்டுவது என் வேலை என்று பெட்ரனெல்லிடம் முந்திக்கொண்டு சொன்னாள். பெட்ரனெல் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“இறுக்கிக் கட்டுறது சரி, மூச்சு விட இடம் வைடி” என்றாள்.

கல்யாணத்தன்று காலையில் அந்த வீட்டில் ரோஸ்மேரித் தழை வாசனையும் பெண்களின் கூச்சலும். குண்டூசித் தட்டு ஒருத்தி கையில், பாவாடை ஒருத்தி கையில். வில்மோட் கைகளைத் தூக்கிக்கொண்டு சிறு பிள்ளையைப் போல நின்றாள். தமசின் கச்சை வாங்கியதும் முதல் வேலையாக முன்பக்க உறைக்குள் விரல் விட்டாள். காலி. மேஜையில் தேடினாள். அங்கே இருந்தது வெள்ளையாகத் திமிங்கில எலும்பு, தோல்காரன் லண்டனிலிருந்து வாங்கி அனுப்பியது. சித்திரம் ஏதும் இல்லை. எடுத்துச் செருகினாள். நெட்டைப் பெண்ணுக்கு நெட்டைச் சட்டம். தமசினின் உள்ளங்கையிலிருந்து முழங்கை தாண்டிப் போனது.

“தமசின், நீ வருவேன்னு நான் நினைக்கவே இல்லை” என்றாள் வில்மோட், தலையைத் திருப்பாமல்.

“ஏன், நான் என்ன கடிச்சா வைப்பேன்?”

“இல்ல. எம்மேல கோபம்னு நினைச்சேன். நல்லவேளை, நான் இந்த ஊரை விட்டுப் போறேன். உனக்கும் நல்லது.”

அந்தக் கடைசி வார்த்தையைத் தமசின் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியிருந்தது. இத்தனை மாதம் ஒரு பெண்ணைக் கரித்துக் கொட்டினோமே என்று வெட்கமாக இருந்தது. கயிற்றை ஒரு கண்ணி தளர்த்திக் கட்டினாள். மஞ்சள் ரிப்பனைத் தன் கையாலேயே முடிச்சுப் போட்டு, அழகா இருக்கே என்றும் சொன்னாள்.

தான் உடுத்திக்கொள்ள வீட்டுக்கு ஓடி வந்தபோது டிகோரி பட்டறையில் நின்றிருந்தான். கல்யாணத்துக்குத் துவைத்து வைத்த சட்டையைக்கூட இன்னும் போடவில்லை. அவளைப் பார்த்ததும் அலமாரியின் மேலிருந்து துணிச் சுருளை எடுத்து நீட்டினான்.

“உனக்குத்தான். இன்னிக்குப் போட்டுக்கோ.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே மேல்சட்டையைக் கழற்றி, கச்சின் பழைய சட்டத்தை உருவிவிட்டு இதைச் செருகினாள். முக்கால்வாசிக்கு மேல் போனது, பிறகு போகவில்லை. உறை முடிந்தும் சட்டம் முடியவில்லை. அழுத்திப் பார்த்தாள், மேல்முனை நெஞ்செலும்பில் இடித்தது. உட்காரப் பார்த்தாள், கீழ்முனை தொடையில் குத்தியது. இரண்டு விரல்கடை கூடுதல்.

தமசின் அதை வெளியே எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை தாண்டிப் போனது. காலையில் இந்த நீளத்தைத்தான் இந்தக் கை பிடித்திருந்தது. உனக்கும் நல்லது என்று அந்தப் பெண் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது.

“நீளமா இருக்கே” என்றாள்.

“கண்ணளவுலதான் வெட்டினேன். கொஞ்சம் பிசகிப்போச்சு.”

ஊரில் பாதிக் கதவுகளைக் கண்ணளவிலேயே வெட்டி மாட்டியவன், ஒன்றைக்கூட இரண்டாம் தடவை சீவியதில்லை. பக்கத்திலேயே படுத்து எழுந்திருக்கிற பெண்டாட்டியின் உடம்பில் இரண்டு விரல்கடை பிசகினானாம்.

“பிசகினா என்ன, அறுத்துக் குடுங்க” என்று பலகையின் மேல் வைத்தாள். “கீழ்ப்பக்கம்.”

அவன் ரம்பத்தை எடுத்தான். கீழ்முனையில் பறவைகள் இருந்தன. ரம்பத்தை அவற்றின் மேல் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். கை ஓடவில்லை.

“இது இருக்கட்டும். வேற ஒண்ணு செஞ்சு தரேன், உன் அளவுக்கு.”

“அப்ப இது யார் அளவுக்கு?”

அவன் ரம்பத்தின் பல்லைத் துடைத்தான். சர்ச் மணி அடிக்க ஆரம்பித்தது. தமசின் அவன் கையிலிருந்து ரம்பத்தை வாங்கினாள். அவள் ரம்பம் பிடித்ததே இல்லை. முழங்காலால் சட்டத்தை அழுத்திக்கொண்டு இழுத்தாள், விளிம்பு பிசிறியது, வெட்டு கோணலாகப் போனது. கோணல் வெட்டைக் கண்டால் கூலிக்காரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிற மனுஷன் சுவரோடு சுவராக நின்றான். பறவைகள் இருந்த துண்டு சீவலுக்குள் விழுந்தது.

அவள் சட்டத்தின் பிசிறை ஊதிவிட்டு நிமிர்வதற்குள் டிகோரி குனிந்து அந்தத் துண்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவள் பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டான்.

தமசின் சட்டத்தைக் கச்சுக்குள் செருகிக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“கயித்தை இழுத்துக் கட்டுங்க” என்றாள். “நல்லா இறுக்கி. அவ கல்யாணத்துக்கு நேரமாச்சு.”