குராமுக்குத் தராத மருந்து

காசநோய்க் கிருமி எப்படித் தூங்குகிறது என்று ஆராய்வதுதான் திபிலீசி நகரத்தில் லாமாராவின் வேலை. பட்டினியோ மருந்தோ நெருக்கினால், அந்தக் கிருமி ஒரு சின்னப் புரதத்தால் தன் ரைபோசோம்களைப் பூட்டிக்கொள்ளும். புரதம் தயாரிக்கும் அந்தப் பட்டறைகள் ஓடாமல் நின்றுவிட்டால், அவற்றைத் தாக்க வரும் மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை.

அதே கிருமி அவள் தம்பி குராமின் நுரையீரலிலும் இருந்தது. பக்கத்து ஊரான ருஸ்தாவிக்குப் பயணிகள் வேன் ஓட்டுபவன் அவன். அந்த மாத்திரையில் இருமல் நின்றது. ஆனால் அதன் பக்கவிளைவாகப் பாதங்கள் எரிந்து, பிறகு மரத்துப்போயின.

"பிரேக்க மிதிக்கிறேனான்னே தெரியலக்கா. பின்னாடி அத்தன உசுரு உக்காந்திருக்கு."

"வண்டிய நிறுத்து. மாத்திரைய நிறுத்தாத."

"வண்டி நின்னா ரொட்டி யாரு தருவா, உன் கிருமியா?"

"செத்தது போக மிச்சம் தூங்குதுடா. ஒண்ணொண்ணா முழிக்கும். அப்ப உடம்புல மருந்து இருக்கணும்."

"எனக்கு இருமலே இல்ல. தூங்குறதையே பாத்துப் பாத்து உனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

அவளிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிட்டான். திராட்சை அறுவடைக்கு மாமாவின் தோட்டத்துக்குப் போனவன், கூடையை இறக்கும்போதே ரத்தம் துப்பினான். மருத்துவமனையில் சேர்த்து மறுபடி கொடுத்தும், இந்த முறை அந்த மாத்திரை எடுபடவில்லை.

பூட்டை உடைத்துக் கிருமியை எழுப்பும் ஒரு திரவம் லாமாராவின் ஆய்வகத்தில் இருந்தது. அவள் எப்போதோ சொன்னதை அவன் மறக்கவில்லை.

"அதக் குடுக்கா. எழுப்பு, எழுப்பிக் கொல்லு."

"எலிக்குக் குடுத்தோம். முழிச்சதெல்லாம் பெருகிருச்சு. எலி செத்துருச்சு."

"நான் மட்டும் இங்க பொழச்சா கெடக்கேன்?"

மறுநாள் அவள் அந்தத் திரவக் குப்பியை மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் கை பையை விட்டு வெளியே வரவில்லை. குராம் அந்தக் கையையே பார்த்தான்.

"கொண்டாந்துட்டியா?"

"இல்ல."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். லாமாரா ஆய்வகத்துக்கு ஓடி வந்து, குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, அதன் கதவில் தலையை முட்டி அழுதாள்.

மருத்துவர்கள் நுரையீரலில் அழுகிய பகுதியை அறுத்து எடுத்தார்கள். அவன் பிழைத்தான். கிருமி எல்லாம் போய்விட்டது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை, அவளாலும்.

வீடு திரும்பிய அன்று, இரண்டாவது படியிலேயே அவனுக்கு மூச்சு முட்டியது. தாங்கப் போனவளின் கையைத் தட்டிவிட்டான்.

"தொடாத. நீ குடுத்திருக்கலாம்."

லாமாரா ஒரு படி கீழேயே நின்றாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினான்.