நாய்க்குட்டிகளுக்குப் பத்துக்கு எட்டு

வெங்காயம் நறுக்கிக்கொண்டே விடைத்தாள் திருத்தலாம் என்பது டீச்சரின் சமீபத்திய கண்டுபிடிப்பு. கத்தி அவள் கையில், தாள் மகள் கையில். டீச்சர் கேள்வியைச் சொல்வாள், அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மகள் தாளில் இருக்கும் பதிலை வாசிப்பாள், டீச்சர் மதிப்பெண்ணைச் சொல்வாள், மகள் சிவப்புப் பேனாவால் போடுவாள். ஐந்தாம் வகுப்பு அறிவியல் தாள் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. கண்ணில் வெங்காயத் தண்ணீர் வழிந்தாலும் டீச்சருக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

"கடைசிக் கேள்வி. மழை எப்படிப் பெய்யுது?"

மகள் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். "சூரிய வெப்பத்தால் கடல் நீர் ஆவியாகி மேலே செல்கிறது. அங்கே குளிர்ந்து மேகமாகிறது. மேகத்தில் உள்ள நீர்த்துளிகள் கனமாகும்போது மழையாகப் பெய்கிறது."

"பரவாயில்லையே! யாரு அது?"

"பதினேழாம் நம்பர்மா."

"தூங்குமூஞ்சியா? நெஜமாவா? எட்டு போடு. பத்தும் போட்டா தலைக்கனம் ஏறிரும்."

டீச்சர் வீட்டில் எந்த வேலைக்கும் தனியாக நேரம் கிடையாது. மகளுக்குத் தலை வாரும்போதே மறுநாள் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். பேருந்தில் மடியில் நோட்டுகள் விரியும். சாயங்காலம் கூடத்தில் ட்யூஷன். கணவன் வேலை பார்ப்பது வேறு ஊரில். அவன் அனுப்புவது வாடகைக்கே சரியாகப் போய்விடும். டீச்சர் வேலை பார்க்கும் பள்ளியிலேயே மகளும் படித்தாள். ஊழியர் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம்தான். ஆனால் ஒரு பாடத்தில் தவறினாலும் சலுகை போய்விடும் என்று தாளாளர் சொல்லியிருந்தார்.

பெற்றோர் கூட்டத்து நேரத்தைக்கூட அவள் மிச்சம் பிடித்துவிட்டாள். மற்ற அம்மாக்கள் மூன்றாம் வகுப்பு வாசலில் கால் கடுக்க நிற்கும்போது, டீச்சர் தன் வகுப்புப் பெற்றோருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். மகளின் சங்கதியைக் கை கழுவும் இடத்தில் கேட்டுக்கொள்வாள். மூன்றாம் வகுப்பு ஆசிரியையை எல்லோரும் அக்கா என்பார்கள். "உம் பொண்ணுக்கென்ன, தங்கம்" என்பாள் அக்கா. அதோடு கூட்டம் முடிந்தது.

மறுநாள் தாள்களைக் கொடுத்து முடித்ததும் தூங்குமூஞ்சி எழுந்து நின்றாள். கொட்டாவி விடாமல் அவள் நின்றதே அதிசயம்.

"மிஸ், எனக்கு மார்க்கு தப்பா போட்டிருக்கீங்க."

"கொறஞ்சிருச்சா?"

"இல்ல மிஸ். ஜாஸ்தி."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தாள். மழை பற்றிய கேள்விக்குக் கீழே, உருண்டை உருண்டையான அழகுக் கையெழுத்தில், எங்கள் வீட்டு நாய் நேற்றுக் குட்டி போட்டது என்று ஆரம்பித்திருந்தது. ஒரு குட்டிக்கு வாலில் மட்டும் வெள்ளை. பக்கம் முழுக்க நாய்தான். ஒரு சொட்டு மழை இல்லை. ஓரத்தில் மகள் போட்ட சிவப்பு எட்டு.

"பதில் தெரியல மிஸ். வெத்தா விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மகள் குறும்பு பண்ணியிருக்கிறாள், வீட்டுக்குப் போய் முதுகில் இரண்டு வைக்க வேண்டும் என்றுதான் டீச்சருக்கு முதலில் தோன்றியது. தாள்களைத் திரும்ப வாங்கி இடைவேளையில் புரட்டினாள். அழகான கையெழுத்துக்கெல்லாம் நல்ல மதிப்பெண். கோழிக் கிறுக்கலுக்கெல்லாம் குறைவு. உள்ளே என்ன எழுதியிருந்தாலும், கையெழுத்தைப் பார்த்தே மகள் பதிலைச் சொல்லியிருக்கிறாள். குறும்பாக இருக்கக் கூடாதா என்று இப்போது வேண்டிக்கொண்டாள்.

அக்கா மதியச் சாப்பாட்டை அப்போதுதான் திறந்திருந்தாள்.

"அக்கா, எம் பொண்ணுக்கு வாசிக்க வருமா?"

"ஏன், கொஞ்சம் தட்டுத் தடுமாறுவா..."

"வருமா, வராதா?"

அக்கா டப்பாவை மூடினாள். "எழுத்தே முழுசா தெரியாதுடி. கணக்குல கெட்டி, அது நெஜம். மத்ததெல்லாம் காதுல விழுந்ததை அப்படியே ஒப்பிச்சிருவா. ரெண்டாம் வகுப்பு டீச்சர் எங்கிட்ட சொல்லித்தான் அனுப்புனா."

"அப்ப நீங்க போட்ட மார்க்கெல்லாம்?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? ஃபெயில் போட்டா உன் சலுகை போயிரும். நீ மூச்சுவிட நேரமில்லாம ஓடுறதைப் பாத்துட்டுத்தானே இருக்கோம். வளர வளரச் சரியாயிரும்னு நெனச்சேன். போன வருஷம் எம் பையன் நாலு மார்க்குல தொங்குனப்ப நீ தூக்கி விடலையா? அது மாதிரிதான்."

நாலு மதிப்பெண் இல்லை. அந்தப் பையனுக்கு ஒன்றுமே வரவில்லை. ஒரு வருடம் முழுக்க டீச்சரின் வகுப்பில் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். டீச்சர்தான் கண்ணை மூடிக்கொண்டு தேர்ச்சி போட்டு, நாலு மார்க்குதான் கொறஞ்சுது, பாஸ் போட்டுட்டேன்க்கா என்று கை கழுவும் இடத்தில் சொன்னாள். உண்மையைச் சொன்னால் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும், பேருந்து போய்விடும். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அக்காவின் முகத்தில் இருந்த அன்பைப் பார்த்ததும், "சாப்பிடுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அந்த அன்பின் மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பாதி ஆத்திரம் தன் மேல்தான்.

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல், மகளைப் பக்கத்தில் உட்கார்த்தி இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்தாள்.

"வாசி."

மகள் பக்கத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் வாயைப் பார்த்தாள். "நீ ஒரு தடவை சொல்லேன்மா."

"நான் சொல்ல மாட்டேன். நீ வாசி."

மகள் படத்தைப் பார்த்தாள். படத்தில் ஒரு படகு இருந்தது. "ஆற்றில் படகு போகிறது" என்றாள் தயங்கியபடி. அந்தப் பக்கத்தில் ஆறு என்ற சொல்லே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடலாம்மா?" என்று கேட்டாள்.

"இத்தனை நாளா ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வருவேன். அதுக்குள்ள ட்யூஷன் வந்துரும்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்துவிடும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். டீச்சருக்கு அழுகை முட்டியது. அழவும் நேரமில்லை. மகளின் விரலைப் பிடித்து முதல் எழுத்தின் மேல் வைத்தாள். "இது என்ன எழுத்து? தப்பா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லு."

மகள் உதட்டைக் கடித்தாள். வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. விரலை உருவிக்கொண்டு, விட்டால் போதும் என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

பிள்ளைகள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து அறிவியல் புத்தகத்தைத் திறந்தார்கள். "இன்னைக்கு வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்ற வார்த்தை டீச்சரின் தொண்டை வரை வந்து நின்றது. மாதக் கடைசி, ட்யூஷன் பணம் வரும் நேரம்.

"மிஸ், ஆரம்பிக்கலாமா?"

மகள் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் புத்தகம் இல்லை. அம்மா இன்னும் சொல்லாத முதல் வரிக்காக அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள், கூடவே சொல்லத் தயாராக, லேசாகத் திறந்திருந்தன.