தராசில் ஏறாத அம்மன்

1

இந்தக் கதையை நான் திருடினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது. இறங்கும்போது, "சார், இத்தை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, என் பொழப்பே பூடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்று தலையாட்டினேன். இதோ எழுதுகிறேன். அவருக்குச் சாம்சன் என்று பெயர் வைத்திருக்கிறேன். மாற்றியது போதுமா என்று பயமாகத்தான் இருக்கிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே முழ உயரத்தில், பழைய வெண்கல அம்மன் ஒன்று, பௌர்ணமி தோறும்..."

அடித்துவிட்டேன். பயப்படுவது அம்மனா என்ன? சாம்சன்தானே.

ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். சாம்சன் ஒரு வால்வுத் தொழிற்சாலையில் வார்ப்பு அச்சு வேலை செய்பவன். வீடு கவரைப்பேட்டையில். துளசிராமன் என்பவரின் நெல் வயலில் கூலி வேலை பார்த்தவர் அவன் அப்பா. துளசிராமன் ஆரம்பாக்கத்துப் பக்கத்து அந்த ஊர்க் கோயிலின் தர்மகர்த்தா. பாதுகாப்புக்காகக் கோயிலின் வெண்கல அம்மன் சிலையை எடுத்துப்போகிறோம் என்று அரசு அதிகாரிகளிடமிருந்து கடிதம் வந்ததும், அவர் அம்மனைக் கோணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு சாம்சன் வீட்டுக்குள் செருப்போடு வந்தார்.

"இதே மாரி ஒண்ணு வார்த்துக் குடு சாம்சா. அத்தை அவங்ககிட்ட குடுத்துட்டு, நம்ம ஆத்தாளை நாம வச்சுக்கலாம்."

"நான் சர்ச்சுக்குப் போறவங்கய்யா..."

"அதான் உன்னாண்ட வந்தேன். எவனுக்கும் சந்தேகம் வராது."

சாம்சனின் அப்பாவை அந்தக் கோயிலுக்குள் விட்டதே இல்லை. இப்போது அம்மனே அவன் கட்டிலுக்கு அடியில். (இந்த இடத்தில் ஆவேசமாக ஒரு பத்தி எழுதி, கிழித்துப் போட்டேன். சாம்சனுக்குக் கோபப்பட நேரமில்லை.)

3

உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும். சிலையிலிருந்து அப்படியே அச்செடுத்து வார்த்தால் நகல் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும். சாம்சனோ பத்தொன்பது வருஷமாக அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாக்குகிறவன். அம்மனை ஸ்கேன் எடுத்து, சுருங்கும் அளவைக் கூட்டி, மெழுகில் எடுத்து வார்த்தான். தேய்ந்த மூக்கு முதல் பீடத்துக் கீறல் வரை வந்துவிட்டது. பழசு போலக் கறுப்பும் ஏற்றினான். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் மயிரிழை வித்தியாசமில்லை. தன்னை மறந்து சிரித்தான், பாவி.

அடையாளத்துக்கு நகலின் அடியில் நீல மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தான்.

(ஓர் இடைச்செருகல். நகல் என்றால் நமக்கு இளக்காரம். ஆனால் கண் திறந்து, கும்பநீர் ஊற்றிவிட்டால், போன மாதம் வார்த்ததன் முன்னாலும் நெடுஞ்சாண்கிடையாக விழுவோம். அசலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் டிக்கெட் வாங்கி, பாப்கார்ன் தின்றபடி பார்ப்போம். அப்படியானால் அசல் என்பது... வேண்டாம். அங்கே ஒருவன் நடுங்கிக்கொண்டிருக்கப்போகிறான்.)

4

ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடித்து மத்தியானம் வீடு திரும்பினான். பின்பக்கக் குழாயடியில் இரண்டு அம்மன்களும் பளபளவென்று நின்றார்கள். அவன் மனைவி ஏஞ்சலின் கையில் புளி.

"நாளைக்கு எடுத்துக்கினு போவாங்கல்ல? நம்ம ஊட்லேர்ந்து அழுக்கா போனா இன்னா நெனைப்பாங்க? அதான் தேய்ச்சு வச்சேன்."

"அடியில நீலமா ஒரு புள்ளி இருந்துச்சே, ஏஞ்சலு?"

"அதுவா? சீக்கிரத்துல போவல. சாம்பல் போட்டுத் தேய்ச்சேன்."

இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தான்.

எடை போட்டுப் பார்த்தான். நூற்றிருபது கிராம் வித்தியாசம் காட்டியது. ஆனால் கனமானது அசலா, நகலா? அசல் வந்த அன்றே நிறுத்திருக்க வேண்டும். எந்த அச்சுக்காரனும் முதலில் செய்வது அதுதான். வெங்காயம் நிறுப்பதுபோலச் சாமியைத் தராசில் ஏற்ற அன்றைக்கு அவனுக்குக் கை வரவில்லை, பிறகு அதே முகம் கொண்ட நகலையும் ஏற்றவில்லை. தன் சாமி இல்லை என்பதால் பயம் இன்னும் அதிகம்.

தொழிற்சாலையில் உலோகக் கலவையைச் சொல்லும் மெஷின் இருக்கிறது. தீப்பொறியால் ஓர் இடத்தைச் சுட்டுத்தான் சொல்லும், காசளவு கருகும். சர்ச்சுக்காரன் ஆத்தாளைச் சுட்டுவிட்டான் என்று ஊர் கிளம்பினால் என்ன ஆகும்?

5

முடிவு ஒன்று: சாம்சன் உண்மையைச் சொல்கிறான், துளசிராமன் தோளில் தட்டி... எனக்கே சிரிப்பு வருகிறது.

முடிவு இரண்டு: சிலைகளோடு சாம்சன் குடும்பம் ஊரைவிட்டு... எங்கே போவார்கள்?

நான் கேட்டதையே சொல்கிறேன். திங்கள் காலை துளசிராமன் வந்தார். இந்தத் தடவை செருப்பை வெளியே விட்டார். இரண்டு அம்மன்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஐம்பது வருஷமாகத் தினமும் பார்த்த முகம். அவருக்கு வியர்த்துவிட்டது.

"இதுல எதுடா நம்ம ஆத்தா?"

சாம்சன் துணியை எடுத்து இரண்டு பீடங்களையும் துடைத்தான்.

"சொல்லுடா. ஆபீஸருங்க கோயிலாண்ட வந்து குந்திக்கினு கீறாங்க. நீ எத்தைக் காட்றியோ அதான் ஆத்தா."

சாம்சன் கையைத் தூக்கினான்.

எந்தப் பக்கம் காட்டினான் என்று அவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் துணிச்சல் வரவில்லை. எழுதவும் மாட்டேன். நீங்கள் காட்டுங்கள். சரியாகக் காட்டினால் அதிகாரிகள் கையில் இருப்பது நகல். என்றைக்காவது சோதித்தால் போலீஸ் வரும். தப்பாகக் காட்டினால் ஊர் கும்பிடுவது நகலை. தெரிந்த அன்றைக்கு ஊரே திரண்டு வரும். யார் வந்தாலும் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். ஏஞ்சல்தான் கதவைத் திறப்பாள்.