தண்டுக்குள் ஒரு விதை

தாய்ச்செடியின் தண்டில் ஒரு வீக்கம் இருந்தது. அக்கா மிரான் அதைக் கத்தியால் கீறினாள். உள்ளே, தண்டின் வெற்றிடத்தில், பச்சையாக ஒரு விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் ராக்காவல் முடித்து வீட்டுக்குக் கிளம்பிய என்னை அத்தான் பியோங்சோல் பசுமைக்குடிலுக்குள் இழுத்துப் போனார்.

"நீதானடா காலேஜ்ல விவசாயம் படிச்ச? இது என்னன்னு சொல்லு."

"மூணு செமஸ்டர்தான் அத்தான்."

"அதுக்குக் கட்டின ஃபீஸுக்காவது வாயத் தெற."

விதைதான். சந்தேகமில்லை. தண்டுக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மகரந்தம் இல்லாமல் விதை இல்லை; அங்கே ஆண் செடியும் இல்லை. தாய்ச்செடியே எங்கோ ஆண் பூ விட்டிருக்க வேண்டும். குடிலில் நின்ற மற்ற செடிகள் எல்லாம் அதன் கிளையை ஒடித்து நட்டவை. ஒரே உடம்பு; அதற்கு வந்தது இவற்றுக்கும் வரலாம். இதைத்தான் சொன்னேன்.



கொரியாவில், ஆண்டோங் பக்கம் மருந்து எண்ணெய்க்குக் கஞ்சா வளர்க்கிற எல்லோருக்கும் ஒரே நிபந்தனைதான். பூவில் விதை இருக்கக்கூடாது. மருந்துக் கம்பெனி எடுக்கும் மாதிரியில் ஒன்று அகப்பட்டாலும் மொத்தத்தையும் எரித்துவிட்டு ஒப்பந்தத்தைக் கிழிப்பார்கள். போன வருஷம் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அதுதான் நடந்தது. அவர் இப்போது தேகு நகரத்தில் பைக்கில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறார். அத்தான் ஆப்பிள் மரங்களை வேரோடு பிடுங்கிவிட்டுத்தான் இந்தக் குடிலைப் போட்டிருந்தார். அறுவடைக்கு இன்னும் இரண்டு வாரம்.

முதலில் மூவருமாகப் பூக்களைப் பிதுக்கிப் பார்த்தோம். விரலெல்லாம் பிசின், விதை ஒன்றுமில்லை.

"பூ சுத்தமா இருக்குல்ல? விடு," என்றாள் அக்கா.

"தண்டுக்குள்ள இருந்தா வெளிய எப்படித் தெரியும்?" என்றார் அத்தான்.

"அதுக்கு? வயித்தக் கிழிச்சுப் பாத்துதான் புள்ள இருக்கா இல்லையான்னு சொல்லுவியா?"

அத்தான் ஒரு செடியை அடியோடு வெட்டி, நீளவாக்கில் பிளந்தார். வெறும் கூடு. அடுத்ததையும் வெட்டினார். அதுவும் வெறும் கூடு.

"போதும்யா. ரெண்டும் நல்லாத்தான இருக்கு."

"மூணாவதுல இருந்தா?"

பத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வரிசை விழுந்த பிறகு நிறுத்தினால், அந்த வரிசை வீணாகச் செத்ததாகிவிடும். எதுவும் அகப்படாததுதான் அவரை விரட்டியது. இன்னொரு விதை கிடைத்திருந்தால் அப்போதே கத்தியைக் கீழே போட்டிருப்பார். நான் அவர் கையைப் பிடித்தேன். உதறினார். "நீதானடா சொன்ன, எல்லாம் ஒரே உடம்புன்னு!" 

அக்கா வெளியே போய்ப் பார்லித் தண்ணீர் கொண்டுவந்தாள். யாரும் குடிக்கவில்லை.

மதியத்துக்குள் குடிலில் செடியெல்லாம் தரையில் விழுந்துவிட்டன. முற்றாத பூவைக் கம்பெனி தொடாது. மூலையில் ஒரே ஒரு செடி நின்றது. அக்கா அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இத விடு. ஒண்ணாவது நிக்கட்டும்."

"தள்ளு."

"மாட்டேன்."

அவர் அவளைத் தள்ளவில்லை. பக்கவாட்டில் குனிந்து, அவள் கால்களுக்குப் பின்னால் கையை விட்டு வெட்டினார். பிளந்தார். வெயில் பக்கமாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

பிறகு விழுந்து கிடந்த செடிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுலயும் இல்லடா மாப்ள," என்றார். "நல்ல பயிருடா."