மூன்றரை அடிக்குள் ஒரு மான்

1

பெண் வீட்டுக்கு அனுப்புவதற்காகச் சங்கரன்கோவிலில் நான் எடுத்துக்கொண்ட படத்திலிருந்துதான் இந்தக் கதை கிளம்பியது. படத்தில் நான் போலீஸைப் பார்த்தவன் மாதிரி விறைத்துப்போய் இருக்கிறேன். (அதைப் பார்த்தும் ஒருத்தி சம்மதித்தாள், அது வேறு கதை.) அந்த ஸ்டுடியோவில் யாரை உட்கார வைத்தாலும் இதே முழிதான். ஆடித்தபசுத் திருவிழா பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு வந்து நிற்கும் குருவிகுளம் சம்சாரிகள்கூட மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். இத்தனை பேரைப் படம் எடுத்த அந்த ஸ்டுடியோக்காரர், பயப்படாத முகம் ஒன்றையாவது எடுத்திருப்பாரா? அவருக்கு மருதப்பன் என்று பெயர் வைத்தேன். அப்படி ஒரு முகத்துக்காக ஏங்குகிறவராகவும் ஆக்கினேன்.

2

1983. கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நகர்ந்தபோது மருதப்பனின் கண்களில்

(வேண்டாம். கப்பலில் அவர் வாந்தி எடுத்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.)

3

நேராக அந்தமானுக்கே போய்விடலாம். போர்ட் பிளேரிலிருந்து படகில் போகிற ஒரு சின்னத் தீவு. மருதப்பனோடு அவர் மனைவி வள்ளித்தாய். கூட்டிப் போகிறவன், போர்ட் பிளேர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் தம்பி வீரபாண்டி.

"அத்தான், மானுக்குத் தீனி போடக் கூடாது, தொடக் கூடாது, வெரட்டக் கூடாது. இங்கன ஒருத்தரும் அதுங்க மேல கல்லெறிஞ்சதில்ல, அதான் பக்கத்துல வருது. ஒருக்கா பயங்காட்டிட்டா பெறவு எவனையும் நம்பாது."

"நான் என்ன வேட்டைக்கா வந்திருக்கேன் மாப்ளே? தள்ளி நின்னு ஒரே ஒரு படம் எடுத்துக்கிடுதேன்."

4

(முதலில் வள்ளித்தாயை மானுக்கு முறுக்குப் போடுகிறவளாக எழுதியிருந்தேன். சிரிப்புக்கு ஆகும் என்று நினைப்பு. மனசு ஒப்பவில்லை. ஸ்டுடியோ நெகட்டிவ்களில் பென்சில் வைத்து ஊரார் முகங்களைத் திருத்துகிறவள் அவள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரியும். முறுக்குப் பொட்டலம் படகிலேயே இருக்கட்டும்.)

புதருக்குள்ளிருந்து ஒரு புள்ளிமான் வந்து நின்று பார்த்தது. என்ன அழகு! ஈர மூக்கு, எதையும் சந்தேகப்படாத கண். மருதப்பன் கேமராவின் தோலுறையைத் திறந்தார்.

"ஏங்க, இந்த மூஞ்சிக்கு டச்சப்பே வேண்டாங்க" என்றாள் வள்ளித்தாய்.

மேலிருந்து குனிந்து பார்க்கிற அந்தக் காலத்துப் பெட்டிக் கேமரா. குனிந்தவரைத் தொழில் புத்தி முந்திக்கொண்டது. ஸ்டூலில் உட்கார்ந்தவரின் முகவாயைத் திருப்புவது போல, மானை நோக்கிக் கையை நீட்டிவிட்டார்.

"கைய எடுங்க! அது என்ன கல்யாணப் பொண்ணா?" என்று அதட்டினாள் வள்ளித்தாய்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மான் மிரளவில்லை. இன்னும் கிட்டே வந்தது.

சிக்கல் இங்கேதான். மூன்றரை அடிக்குள் எது வந்தாலும் அந்தக் கேமராவுக்குக் கண் தெரியாது, எல்லாம் கலங்கல். பின்னால் நகர்ந்தார், அதுவும் வந்தது. கேமராவை வள்ளித்தாயிடம் நீட்டினார். தோலுறை வாசனையோ என்னவோ, மான் கேமராவின் பின்னாலேயே அவளிடம் போனது, அவள் திருப்பித் தந்ததும் பின்னாலேயே அவரிடம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்து இடிந்த சுவர் ஒன்றில் அவர் முதுகு முட்டியது. படகுக்காரர் புறப்பட விசில் ஊதிவிட்டார்.

5

ஒரு கைதட்டல் போதும். மான் துள்ளித் தள்ளி நிற்கும், முகம் துல்லியமாக விழும். விழுவது பயந்த முகம். அது அவரிடம் அலமாரி நிறைய இருக்கிறது.

முதல் முடிவு: மருதப்பன் இரண்டு கைகளையும்

(இதற்கு மேல் ஓடவில்லை.)

இன்னொரு முடிவு: கலங்கலாகவே எடுத்துவந்து கடை முகப்பில் மாட்டுகிறார். "என்ன அண்ணாச்சி, கை ஆடிட்டோ?" என்று ஊரே விசாரிக்கிறது. எனக்கு இது பிடிக்கும். ஆயுளில் ஒரே முறை கடல் தாண்டிய மனிதருக்குப் பிடிக்குமா?

"ஏட்டி, நான் என்ன செய்ய?" என்கிறார். வள்ளித்தாய் மானை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் முடிவு சொல்லப்போவதில்லை. அவர் கையில் கேமரா, என் கையில் பேனா. புத்தகத்தைக் கீழே வைத்தால் உங்கள் கை இரண்டும் சும்மாதான் இருக்கும். தட்டுவதானால் தட்டுங்கள். மான் இன்னும் அங்கேதான் நிற்கிறது.